கைத்தொலைபேசி இல்லாமல் திருகோணமலை: நடையா, சைக்கிளா, பஸ்ஸா, வள்ளமா?

சித்திரை விடுமுறைக்கு முன் மூன்று பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியை எனக்கு எழுதியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து ஓர் ஆசிரியை, கொழும்பில் கணக்காளராக இருக்கும் ஓர் இளைஞர், மட்டக்களப்பில் இருந்து இரண்டு பிள்ளைகளின் தந்தை. திருகோணமலையில் இரண்டு நாள் தங்கப் போகிறோம், வரைபடச் செயலியைத் திறக்காமல் நம் அப்பா அம்மா காலத்தில் சுற்றியது போலச் சுற்ற விரும்புகிறோம், எதில் போவது நல்லது என்பதுதான் கேள்வி.

மூவருக்கும் மூன்று விதமாகப் பதில் எழுதினேன். கைத்தொலைபேசி வருவதற்கு முன்பே இந்த ஊரில் நடந்தும் மிதித்தும் பஸ்ஸில் தொங்கியும் திரிந்தவன் நான். இப்போதும் மாதத்துக்கு ஒரு நாளாவது அதை வீட்டு மேசையில் வைத்துவிட்டுத்தான் வெளியே போகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் பகல் வெளிச்சம். பணத்தைக் கூட இரண்டாவதாகத்தான் வைப்பேன். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. அதனால் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டி விடிந்து, ஆறு மணியை ஒட்டி இருட்டிவிடும். பன்னிரண்டு மணி நேரத்தில் பதினொன்றில் இருந்து மூன்று வரை வெயில் மனிதரை நிழலில் உட்கார வைத்துவிடும். மிச்சம் எட்டு மணி நேரம். செயலி இருந்தால் இருட்டிய பிறகும் வழி கேட்கலாம். இல்லாதவருக்கு அந்த எட்டு மணி நேரம்தான் கையிருப்பு. நடை, சைக்கிள், பஸ், வள்ளம் நான்கும் அதை வெவ்வேறு விதமாகச் செலவழிக்கின்றன.

இரண்டாவது, வழி பிழைத்தால் அதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது. மூன்றாவது, வழியைக் காட்டப் போவது யார்: உங்கள் கண்ணா, தாளில் உள்ள வரைபடமா, இன்னொரு மனிதரா? நான்காவது, புறப்படும்போது கணக்கில் வராத செலவுகள். ஐந்தாவது காற்று. வாடையும் கச்சானும் தெரியாமல் இந்தக் கரையில் பயணம் திட்டமிடக் கூடாது.

| அளவுகோல் | நடை | சைக்கிள் | பஸ், ரயில் | வள்ளம் |
|---|---|---|---|---|
| ஒரு பகலில் எட்டும் தூரம் | 10 முதல் 15 கி.மீ. | போக வர 40 கி.மீ. | மாவட்டம் முழுவதும் | கரையோரம் மட்டும் |
| வழி காட்டுவது | கண்ணில் படும் அடையாளம் | தாள் வரைபடமும் தெருக்கடையும் | நடத்துநர் | படகோட்டி |
| வழி பிழைத்தால் | சில நிமிடம் போகும் | ஒரு மணி நேரம் போகும் | அடுத்த பஸ் வரை போகும் | படகோட்டியின் பொறுப்பு |
| மறைந்த செலவு | வெயில், தண்ணீர் | முள், பாரம், இருட்டு | காத்திருப்பு, கடைசி பஸ் | கட்டணங்கள், காற்று |
| ஏற்ற காலம் | எப்போதும், காலையும் மாலையும் | மாரி மழை ஓய்ந்த பிறகு | எப்போதும் | மே முதல் செப்டெம்பர் |

## நடை

நகருக்கு நடைதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

திருகோணமலை நகரத்தில் வழி தவறுவது கடினம். கடல் இரண்டு பக்கமும் இருக்கிறது. கோணேசர் மலை வடகிழக்கு முனையில் நிற்கிறது. கடற்கரையோரமாக வந்து பிரட்ரிக் கோட்டை வாசலுக்குப் போய், உள்ளே மான்கள் நிற்கும் மர நிழலைத் தாண்டி மலையேறி, திரும்பி வந்து உள்துறைமுகப் பக்கம் இறங்கி, உவர்மலையில் ஏறி மாலையில் துறைமுகத்தைப் பார்த்தால் ஒரு நாள் நிறைந்துவிடும். மொத்தத் தூரம் பத்துக் கிலோமீட்டருக்குள்தான்.

நடப்பவருக்கு மட்டும் கிடைக்கும் ஒன்றைச் சொல்கிறேன். கோட்டை வாசலை ஓட்டோவில் கடந்தால் ஒரு வளைவும் சில படையினரும் தெரிவார்கள். நடந்து போய் நின்று பார்த்தால் வாசற்கல்லில் இரட்டை மீன் தெரியும். பக்கத்தில், கோவில் திருப்பணி செய்த மன்னன் என்று சொல்லப்படும் குளக்கோட்டனின் பெயரைச் சொல்லும் தேய்ந்த தமிழ் எழுத்துகள் தெரியும். போர்த்துக்கேயர் 1622இல் மலைமேல் இருந்த கோணேசர் கோவிலை இடித்து, 1624இல் அந்தக் கற்களையும் சேர்த்துக் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் என்று கை மாறி, 1803இல்தான் அதற்கு இன்றைய பெயர் வந்தது. அத்தனை கைமாறலையும் தாண்டி அந்த மீன்கள் அங்கேயே இருக்கின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போது கோடுகளில் நிழல் தேங்கும். எழுத்து அப்போதுதான் தெளியும். நண்பகலில் கல் வெறும் கல்லாகிவிடும். எட்டு மணிக்கு முன் போங்கள்.

நீண்ட நடையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்களிடம் கேட்க வேண்டும். செல்வச் சந்நிதியில் இருந்து முல்லைத்தீவு வழியாகத் திருகோணமலைக்கு வந்து, வெருகல், மட்டக்களப்பு, உகந்தை என்று கரையோரமாகவே கதிர்காமம் வரை போகும் அந்த நடை, செயலி என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இருந்து நடக்கிறது. விடியுமுன் எழுந்து நடப்பார்கள், வெயில் ஏறியதும் கோவில் மண்டபத்திலோ மர நிழலிலோ படுப்பார்கள், மாலையில் மறுபடியும் நடப்பார்கள். மேலே சொன்ன எட்டு மணி நேரக் கணக்கை நான் அவர்களிடம்தான் படித்தேன்.

மறைந்த செலவு தண்ணீரும் தரையும். மலைக்கோவிலில் செருப்பைக் கழற்றிய பிறகு நண்பகல் தரை காலைச் சுட்டுவிடும். முதியவர்களுடன் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

## சைக்கிள்

கொழும்பு இளைஞருக்கு நான் இதைத்தான் எழுதினேன். அவருக்கு எழுதிய கடிதமே நீளம், ஏனென்றால் என் மனம் கிடக்கும் இடமும் இதுதான்.

முதல் ஓட்டத்துக்குக் கன்னியா போதும். அநுராதபுர வீதியில் எட்டுக் கிலோமீட்டர். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது நம் ஊர்க்கதை. காலை ஆறரைக்குப் புறப்பட்டால் கூட்டம் வருமுன் குளித்துவிட்டுத் திரும்பலாம்.

இரண்டாவது ஓட்டம் நிலாவெளி வீதி. உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு என்று பதினாறு கிலோமீட்டரில் நிலாவெளி. இன்னும் கொஞ்சம் மிதித்தால் இறக்கக்கண்டிப் பாலம். மேடே இல்லாத வழி. இந்த வீதியில் தூரத்தை இன்னும் பழைய முறையில் சொல்கிறார்கள்: மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை, பத்தாம் கட்டை. மைல்கற்கள் நின்ற காலத்துப் பெயர்கள். ஒரு கட்டை என்பது 1.6 கிலோமீட்டர் என்று நினைவில் வைத்திருந்தால் ஊர்ப்பெயரே தூரப்பலகை ஆகிவிடும். யாராவது "இன்னும் இரண்டு கட்டை போக வேண்டும்" என்றால் சைக்கிளில் கால் மணி நேரம் என்று உடனே கணக்குப் போடலாம்.

வரைபடத்துக்கு நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்தான் சரி. 1800இல் தொடங்கிய திணைக்களம் அது. இந்தத் தாளில் இரண்டு சென்ரிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வீதியின் வளைவுகள் மேல் ஒரு நூலை வைத்து, பிறகு நூலை நீட்டி அளந்தால் தூரம் வந்துவிடும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், விடவே மாட்டார்கள். வீட்டில் பழைய தாள் இருந்தால் அதன் ஆண்டை மட்டும் கவனியுங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய தாளில் நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் நீர்தான் இருக்கும்.

தாள் வரைபடத்தை நான் ஏன் இவ்வளவு விரும்புகிறேன் என்பதற்கு ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். இறக்கக்கண்டிக்குக் கிட்டப் பின்சில்லில் காற்று போய்விட்டது. நெருஞ்சி முள். தள்ளிக்கொண்டே போனதில் பூவரச மரத்தடியில் ஒரு திருத்தும் கடை. கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். ரியூப்பைக் கழற்றி, காற்று அடித்து, அலுமினியப் பேசினில் இருந்த தண்ணீரில் கை கையாக அமுக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கடுகு கடுகாகக் குமிழி எழுந்தது. விரலை அதன்மேல் வைத்தபடியே துடைத்து, அரத்தாளால் உரசி, சொலூசன் தடவி, காய்வதற்காக ஊதினார். காயும் வரை சும்மா இருக்காமல் என் கையில் இருந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இதில் பாதை எல்லாம் இருக்கிறது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று இல்லையே."

சட்டைப்பையில் இருந்து பேனையை எடுத்து, குச்சவெளி வரைக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள மூன்று இடங்களில் வட்டம் போட்டார். ஒன்றின் பக்கத்தில் குறுக்காகக் கோடு இழுத்து, "இது உவர், குடிக்க வேண்டாம்" என்றார். அந்தத் தாள் மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுநாடாவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவருக்குப் பிறகு அதில் நான்கைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். நிழல் உள்ள வளைவு, மழைக்குச் சேறாகும் குறுக்குப் பாதை, நாய் துரத்தும் ஒழுங்கை. தாளை நீட்டினால் எதிரில் நிற்பவர் தானும் ஒன்று சேர்க்கிறார். திரையை நீட்டியபோது யாரும் பேனை எடுத்ததில்லை.

காற்றைப் பற்றி. வாடை காலத்தில், அதாவது கார்த்திகை முதல் தை வரை, வடகிழக்கில் இருந்து வீசும். நிலாவெளிப் பக்கம் போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். களைப்பில்லாத காலையில் எதிர்க்காற்று, களைத்த மாலையில் துணைக்காற்று என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் மாரி மழை அதைக் கெடுத்துவிடும். வைகாசிக்குப் பிறகு கச்சான், தரைப்பக்கத்துச் சூட்டைச் சுமந்து வரும். பக்கவாட்டில் அடிப்பதால் மிதிப்பது பெரிய பாடில்லை, ஆனால் நா வறண்டுவிடும். ஒருவருக்கு மூன்று லீற்றர் தண்ணீர் குறைந்தபட்சம்.

இனி மறைந்த செலவுகள். ஒட்டுப் பெட்டி, பம்ப், உதிரி ரியூப் மூன்றும் உங்கள் பையில் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் பூவரச மரத்தடிக் கடை கிடைக்காது. இருட்டுக்கு முன் திரும்பியே ஆக வேண்டும். கந்தளாய்ப் பக்கமும் ஹொரவப்பொத்தானை வீதியிலும் மாலையில் யானை வீதியைக் கடக்கும். அந்த வழிகளில் நான்கு மணிக்குப் பிறகு சைக்கிளில் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாதுகாப்புப் பகுதி என்ற பலகை கண்டால், வரைபடத்தில் வழி இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

திரியாய் வரை சைக்கிளில் போய் வரலாமா என்று கொழும்பு இளைஞர் கேட்டிருந்தார். போக மட்டுமே நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் போய் வருவது வீம்பு. இடையில் இரவு தங்க இடம் உள்ளவர்கள் போகலாம், மற்றவர்கள் புல்மோட்டை பஸ்ஸில் ஏறுங்கள். ஆனால் ஒரு முறையாவது போக வேண்டிய இடம். அங்கே பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. கடலோடி வணிகர் கூட்டம் எழுப்பிய தலம் அது என்று அந்தக் கல் சொல்கிறது.

## திசை தெரிய

சைக்கிளில் போகிறவருக்கும் நடப்பவருக்கும் இரண்டு குறிப்புகள். நிழலைப் பார்த்துத் திசை அறிவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியை ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடியில் சுருண்டுவிடும். அந்த நாட்களில் காலை மாலை நிழலை மட்டும் நம்புங்கள்.

இரவில் துருவ நட்சத்திரத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வானத்தில் உயரத்தில் தேடி ஏமாறுகிறார்கள். அது தொடுவானத்தில் இருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, அதுவே நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோடு. நமக்கு எட்டரைப் பாகை. கையை நேராக நீட்டி முட்டி பிடித்தால் முட்டியின் அகலம் சுமார் பத்துப் பாகை. ஆக, உப்புவெளிக் கரையில் வடக்கே பார்த்து நின்று, நீட்டிய முட்டியைத் தொடுவானத்தில் வைத்தால், துருவன் முட்டியின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, முட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும். மேகமில்லாத இரவில் முட்டியை விலக்கிப் பாருங்கள். மங்கலான ஒரு புள்ளி. அதைக் கண்டுபிடித்த இரவில் என் மகள் கடற்கரையில் இருந்து வீடு திரும்ப மறுத்துவிட்டாள்.

## பஸ்ஸும் ரயிலும்

முதல் முறை வருகிறவர்கள், பிள்ளைகளோடு வருகிறவர்கள், பகல் குறைவாக உள்ளவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். யாழ்ப்பாண ஆசிரியைக்கும் மட்டக்களப்புத் தந்தைக்கும் இதைத்தான் அடித்தளமாகச் சொன்னேன்.

கல்ஓயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக வரும் ரயில் பாதை 1927இல் திறக்கப்பட்டது. தம்பலகாமம் வரை ரயிலிலோ பஸ்ஸிலோ போய், வயல் நடுவில் இருக்கும் ஆதி கோணேசர் ஆலயத்துக்கு நடப்பது ஒரு நல்ல அரைநாள். மலைக்கோவில் இடிபட்ட பிறகு வழிபாடு அங்கே போய்த் தொடர்ந்தது என்பதால், முதல் நாள் கோட்டை வாசலில் கண்ட கற்களுக்கு மறுநாள் அங்கே தொடர்ச்சி கிடைக்கும். திரும்பும் வழியில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்காமல் வராதீர்கள். ரயில் நேரங்கள் மாறுவதுண்டு. நிலையத்துப் பலகையைப் பார்த்து, கருமபீடத்திலும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் வழிகாட்டி நடத்துநர்தான். ஏறும்போதே இறங்கும் இடத்தைச் சொல்லி முன்பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் மறக்க மாட்டார். பெரிய செலவு பஸ் கட்டணம் அல்ல, காத்திருக்கும் நேரம். கிராமப் பக்கங்களில் பிற்பகலில் பஸ் குறைந்துவிடும். இறங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "இந்த வழியில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" அதையும் நடத்துநரிடம் ஒரு தடவை, சந்தியில் உள்ள கடையில் ஒரு தடவை. இரண்டு விடையும் ஒன்றாக இல்லாவிட்டால் முந்திய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வழி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "கோவிலுக்கு இதுதானே வழி?" என்று கேட்டால், முகம் வாடக் கூடாது என்பதற்காகவே பலர் ஆம் என்று விடுவார்கள். "கோவிலுக்கு எது வழி?" என்று கேளுங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் "காக்கா" அல்லது "நானா" என்று தொடங்குங்கள், நிலாவெளியில் "அண்ணை", "அக்கா". கந்தளாய்ப் பக்கம் "கொஹெத" என்ற ஒரு சிங்களச் சொல்லும் ஊர்ப்பெயரும் போதும், கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள்.

கேட்டுக் கேட்டே வழி கண்டவர்களில் றொபேட் நொக்ஸ் இந்த மாவட்டத்தோடு தொடர்புள்ளவர். 1660இல் கொட்டியாரக் கரையில் மூதூருக்கு அருகே கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1679இல், ஊர் ஊராகப் பண்டம் விற்கும் வியாபாரி போலத் திரிந்து வழியை விசாரித்து, ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேற்குக் கரையில் அரிப்புக் கோட்டைக்குத் தப்பினார். சிங்களத்தில் மல்வத்து ஓயா என்றும் தமிழில் அருவி ஆறு என்றும் சொல்லும் அதே ஆறு. கையில் வரைபடம் இல்லாதவருக்கு ஆறும் வாய்ச்சொல்லும் வழியாயின.

## வள்ளம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீட்டர் அளவில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மே முதல் செப்டெம்பர் வரை கடல் அடங்கியிருக்கும், முருகைக்கற்களும் மீன்களும் தெளிவாகத் தெரியும். வாடை காலத்தில் படகே கேட்க வேண்டாம். படகுக் கூலி, நுழைவுக் கட்டணம், நீந்தும் கண்ணாடி வாடகை எல்லாம் தனித்தனியாக வரும். நால்வர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். பாய்மரமோ துடுப்போ எதிர்பார்த்துப் போகாதீர்கள், இயந்திரப் படகுதான்.

உயிர்காப்பு அங்கி இல்லாத படகில், கரை பக்கத்தில் தெரிந்தாலும், ஏற வேண்டாம். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் இறந்தார்கள். அகலமில்லாத நீர்தான் அது.

பழைய கடல் வாழ்க்கையைப் பார்க்க விரும்புகிறவர்கள் படகில் ஏறாமலே பார்க்கலாம். காலையில் கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று, கயிற்றில் கை வைக்கலாமா என்று கேளுங்கள். மறுத்தவர்களை நான் கண்டதில்லை.

## அணைத்த கைத்தொலைபேசி

மூவரும் கேட்டது: வீட்டிலேயே விட்டு வரவா, அணைத்துப் பையில் வைக்கவா? நகரத்துக்குள் நடக்கிறவர்கள் விட்டு வரலாம். சைக்கிளில் தனியாகப் போகிறவரும் பிள்ளைகளோடு வருகிறவரும் அணைத்து, துணியில் சுற்றி, பையின் அடியில் வையுங்கள். முன்பு சந்திக்குச் சந்தி தொலைபேசிக் கூடு இருந்தது, இன்று இல்லை. அவசர நோயாளர் வண்டிக்கு 1990 என்பதை மட்டும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் சில்லறை நோட்டுகளும் கட்டாயம்.

## மூவருக்கும் எழுதியது

ஆசிரியைக்கு: முதல் நாள் நகரத்தில் நடை, கோட்டை வாசல் எட்டு மணிக்கு முன். இரண்டாம் நாள் தம்பலகாமம்.

இளைஞருக்கு: முதல் நாள் கன்னியா, மறுநாள் விடியலில் நிலாவெளி வீதி, இறக்கக்கண்டிப் பாலத்தில் திரும்புதல். நகரத்தில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் ஏறுமுன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்.

தந்தைக்கு: முதல் நாள் காலை மலை, மாலை உவர்மலை. இரண்டாம் நாள் பஸ்ஸில் நிலாவெளி. கடல் அடங்கியிருந்தால் புறாத்தீவு, இல்லாவிட்டால் கரைவலை. நூல் வைத்துத் தூரம் அளக்கும் வேலையை மூத்த பிள்ளையிடமும், கட்டை எண்ணும் வேலையை இளைய பிள்ளையிடமும் கொடுங்கள். கடைசி பஸ்ஸின் நேரத்தை மட்டும் நீங்களே கேட்டு, வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.